தலைவர் என்ன சொன்னார்

மார்ச் 3, திங்கள்

இன்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒரு நோட்டு வாங்கித் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். பிரஷர் எவ்வளவு, என்ன சாப்பிட்டார், என்ன பேசினார். இந்த மூன்றும் கட்டாயம்.

பிரஷர் 150/90. கஞ்சி ஒரு டம்ளர், இட்லி ஒன்று. பேசிய சொல்: பாத்துக்கலாம்.

அது ஒன்றுதான் வருகிறது. பக்கவாதம் வந்து நினைவு திரும்பிய நாளிலிருந்து இப்படி. தண்ணீர் வேண்டுமா என்றாலும் பாத்துக்கலாம், வலிக்கிறதா என்றாலும் பாத்துக்கலாம். ஏன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மனசுல ஒண்ணு நினைப்பார், வாயில இது வரும். வருஷக் கணக்கா சொல்லிப் பழகின வார்த்தை சில பேருக்கு இப்படித் தங்கிடும். அதை வச்சு அவர் ஆமாங்கிறாரா இல்லைங்கிறாரான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க" என்றார்.

பிறகு, "சார் என்ன வேலை பார்த்துட்டிருந்தார்?" என்று கேட்டார்.

"பேரூராட்சித் தலைவருங்க" என்றேன்.

கார் அவிநாசி தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தலைவர் நான்தான்.

மார்ச் 4, செவ்வாய்

பிரஷர் 146/90. ரவைக் கஞ்சி. சொல்: பாத்துக்கலாம்.

விடிந்ததிலிருந்து ஆட்கள். எங்கள் ஊரில் நாச்சிமுத்து என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, தலைவர் என்றால்தான் தெரியும். பத்து வருடம் அவர் தலைவர். போன தேர்தலில் பதவி பெண்களுக்கு ஒதுக்கீடாகிவிட்டது. அதனால் என்னை வார்டில் நிறுத்தி, ஜெயித்த பிறகு உறுப்பினர்களை விட்டு என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கச் செய்தார். அதன் பிறகும் அவர்தான் தலைவர், நான் தலைவரம்மா. கூட்டத்துக்கு மட்டும் போவேன். அவர் பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன்.

வந்தவர்கள் நலம் விசாரித்துவிட்டு, அப்படியே தங்கள் காரியத்தையும் சொன்னார்கள். தெருவிளக்கு, சாக்கடை, கடை லைசென்ஸ். ஒவ்வொருவருக்கும் "பாத்துக்கலாம்" என்றார். எல்லோருக்கும் திருப்தி.

"தலைவர் நல்லாத் தெளிவாத்தான் இருக்காருங்கம்மா. நாங்கதான் என்னமோன்னு பயந்து போயிட்டோம்" என்று சொல்லிப் போனார் ரைஸ் மில்காரர். டாக்டர் சொன்னதை வாசல் வரை போய் அவருக்கு விளக்கினேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நம்பவில்லை.

மார்ச் 6, வியாழன்

பிரஷர் பார்க்கும் மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வலது கைக்கு எண்ணெய் தேய்த்தேன். மாடு சினைக்குக் கத்துகிறது.

மார்ச் 7, வெள்ளி

பிரஷர் 150/94. ஒரு தோசையில் பாதி.

காட்டுவளவிலிருந்து ஆறேழு பெண்கள் வந்தார்கள். ஊருக்கு வடக்கே, ஓடை தாண்டி இருக்கும் குடியிருப்பு. முன்னால் நின்று பேசியது ராமாயி. தறிக்குடோனில் நூல் சுற்றப் போகிறவள், என் வயது இருக்கும். கேட்டுக்கு வெளியேயே நின்றார்கள். உள்ளே வரச் சொன்ன பிறகும் வேப்பமரம் வரைதான் வந்தார்கள்.

"எங்க தெருவுல பைப்புப் போட்டு மூணு மாசமாச்சுங்க. ஊட்டுக்கு ஊடு கனெக்சன் குடுக்கறதுக்கு மூவாயிரம் டெபாசிட் கட்டுனாப் போதும்னு தலைவர் சொன்னாருங்க. சீட்டுப் போட்டுச் சேத்தி வெச்சிருக்கறோம். ஆபீசுக்குப் போனா பன்னண்டாயிரம்ங்கறாங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணிக் கோணி எதற்கோ முயன்றது. கடைசியில் "பாத்துக்கலாம்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த நோய்க்குக் காரணமில்லாமலும் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ராமாயி என் பக்கம் திரும்பினாள். "ஏத்துனது நீங்கதானாமுங்க. உங்க கையெழுத்துத்தான் இருக்குதாம்."

எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 10, திங்கள்

பிரஷர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மிணியை உட்கார வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். கூட்டம் இல்லாத நாளில் போவது இதுதான் முதல் தடவை. வாட்ச்மேன், "தலைவர் வர்றாருங்களா?" என்று காருக்குள் எட்டிப் பார்த்தார்.

தலைவர் அறையில் மேசை மேல் என் பெயர்ப் பலகை. நாற்காலியில் அவருடைய டர்க்கி டவல். நான் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

செயல் அலுவலர் இருதயராஜ் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருடம் ஆகிறது. டிசம்பர் கூட்டத்தில்தான் இணைப்புக் கட்டணத்தை மூவாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரமாக உயர்த்தித் தீர்மானம் ஆனதாம். நான்தான் தலைமை தாங்கினேனாம். அந்தக் கூட்டத்தில் கேசரி கொடுத்தார்கள். வீட்டில் கேஸ் தீரும் நிலையில் இருந்தது, அந்த நினைப்பாகவே இருந்தேன். அவ்வளவுதான் மனதில் நிற்கிறது.

"சார், நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. என்னோட வேலை என்னங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எந்தத் தொகையா இருந்தாலும் மன்றம்தான் முடிவு பண்ணணும்மா. பதினஞ்சு உறுப்பினர், அதுக்குத் தலைவர் நீங்க. மன்றம் சொன்னதைச் செய்யுதது நான். நீங்க இல்லாத நேரத்துக்குத் துணைத் தலைவர். இவ்வளவுதான்." கொஞ்சம் தயங்கி, "இதுவரைக்கும் சார் சொல்லுவாங்க, நான் எழுதுவேன். அதுக்குப் பொறவு மன்றம் கூடும்" என்றார்.

"கூட்டத்துல ஏத்தச் சொல்லிட்டு, அந்த ஜனங்ககிட்ட எதுக்கு மூவாயிரம்னு சொன்னாரு?"

"அது சாருக்குத்தான் தெரியும்மா."

மார்ச் 11, செவ்வாய்

அவரிடம் கேட்டேன். ஆமாம் என்றால் இடது கையால் என் விரலை ஒரு தடவை அழுத்துங்கள், இல்லை என்றால் இரண்டு தடவை என்றேன். நீங்கள்தானே ஏற்றச் சொன்னீர்கள்? ஒரு தடவை. அவர்களிடம் மூவாயிரம் என்று சொன்னீர்களா? ஒரு தடவை. அப்படியானால் ஊரை ஏமாற்றினீர்களா? அழுத்திப் பிடித்தார், விடவே இல்லை. அது ஒன்றா, இரண்டா என்று எனக்கு விளங்கவில்லை.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே சாப்பிட்டார்.

மார்ச் 14, வெள்ளி

பிரஷர் 140/88. பேசிய சொல்: அதேதான்.

துணைத் தலைவர் சின்னராஜ் வந்தார். அவருக்கு இவர் கூடப் பிறக்காத அண்ணன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் இரவு வந்து உட்கார்ந்திருந்தவர். அதை மறக்கக் கூடாது. ஆப்பிள், ஹார்லிக்ஸ், இரண்டு காகிதங்கள் கொண்டு வந்திருந்தார்.

முதல் காகிதம் இந்த மாதக் கூட்டத்துக்கான பொருள். புறவழிச் சாலையில் சக்தி கார்டன் என்று மனை பிரித்து விற்கிறார்கள். அத்தனை மனைக்கும் பழைய மூவாயிரத்துக்கே இணைப்பு.

"அவங்களுக்கு மட்டும் எப்படிங்க பழைய தொகை?" என்றேன்.

"அண்ணன் வாக்குக் குடுத்துப் போட்டாருங்க்கா."

"காட்டுவளவுக்கும் வாக்குக் குடுத்திருக்காரே."

"அக்கா, உங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்றேன். ஆபீஸ்ல தொகை ஏறி இருந்தாத்தான் நம்ம ஊட்டு வாசலுக்கு ஆள் வரும். வர்றவங்களுக்கு அண்ணன் பாத்துக் கொறைச்சுக் குடுப்பாரு. காட்டுவளவுக்கும் எலெக்சன் சமயத்துல குடுப்பாரு. எல்லாம் ஒரு கணக்கோடதான் வெச்சிருந்தாரு."

எனக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

இரண்டாவது காகிதம் நான் லீவு கேட்கும் கடிதம். கணவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் ஆறு மாதம் பொறுப்பைத் துணைத் தலைவரிடம் ஒப்படைக்கிறேன் என்று டைப் அடித்திருந்தது.

"நீங்க அண்ணனைக் கவனிங்க. இந்த அலைச்சல் உங்களுக்கு எதுக்கு?" என்றவர் அவரிடம் குனிந்து, "என்னுங்ணா, நான் சொல்றது சரிதானுங்களே?" என்றார்.

"பாத்துக்கலாம்."

"பாருங்க, அண்ணனே சொல்லிட்டாரு." பேனாவை நீட்டினார்.

வாங்கினேன். எந்த இடத்தில் போடுவது என்று தேடினேன். பென்சில் புள்ளி எதுவும் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சின்னராஜ் என்னைப் பார்த்த பார்வை, யாரோ தெரியாதவர் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். எங்கள் வீட்டில் சமையலறைக்கு ஒரு இணைப்பு, மாட்டுக் கொட்டகைக்கு ஒரு இணைப்பு. இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

மார்ச் 18, செவ்வாய்

காட்டுவளவுக்குப் போனேன். ஓடைப் பாலம் தாண்டி வலது பக்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பக்கம் போனதில்லை. ஓட்டுக் கேட்கும்போதுகூட ஜீப் மெயின் ரோட்டில்தான் நின்றது.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீலக் குழாய் தரைக்கு மேல் நீட்டிக்கொண்டு, வாய் மூடி நிற்கிறது. குழாய் மேலேயே குடத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு ஓடை தாண்டி ரைஸ் மில் பக்கத்துப் பொதுக் குழாய்க்குத்தான் போகிறார்கள்.

ராமாயி பிளாஸ்டிக் சேர் எடுத்துப் போட்டாள். "தண்ணி குடிக்கறீங்களாம்மா?" என்றாள். தாகம் இல்லை என்றேன். நல்ல வெயில். அவள் மறுபடி கேட்கவில்லை.

"நாங்க தலைவருக்கு ஓட்டுப் போடலீங்க. சின்னத்துக்குப் பக்கத்துல உங்க பேருதான் இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியும். சாந்தாமணின்னு படிச்சுப் பாத்துத்தான் குத்துனேன்" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பிரஷர் 138/86. இட்லி மூன்று. புதிய சொல்! வேண்டாம்.

சின்னராஜிடம் லீவுக் கடிதம் தரப்போவதில்லை என்று போனில் சொல்லிவிட்டு வந்து, இவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காட்டுவளவு போனது, கூட்டத்தில் வேறு தீர்மானம் கொண்டு வரலாமா என்று யோசிப்பது. சட்டென்று "வேண்டாம்" என்றார். அவ்வளவு தெளிவாக. சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன். பிறகுதான் எதை வேண்டாம் என்கிறார் என்று யோசித்தேன். இட்லி வேண்டாமா என்றேன். "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தார். மூன்றையும் சாப்பிட்டார்.

மகள் ஓசூரிலிருந்து போன் செய்தாள். "அப்பா வேண்டாம்னு சொன்னா விட்டுருங்கம்மா" என்றாள். அவளுக்கு இட்லி விஷயம் தெரியாது.

மார்ச் 24, திங்கள்

செயல் அலுவலரிடம், எல்லோருக்கும் மூவாயிரமே இருக்கட்டும் என்று எழுதித் தரச் சொன்னேன். அவர் வேறொரு கதை சொன்னார். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் இரண்டில் ஒன்று எரிந்து கிடக்கிறது. மின்சாரக் கட்டணம் பாக்கி. மூவாயிரத்தில் இணைப்புக் கொடுத்தால் குழாய் வரும், தண்ணீர் வராது. "ஏத்தினதுல தப்பில்லம்மா. எல்லாருக்கும் ஒரேபோல ஏத்தினதுதான் தப்பு. அதைவிடத் தப்பு, ஆளுக்கொரு தொகை வாங்குதது."

ஆக எங்கள் வீட்டுக்காரர் செய்ததில் பாதி சரி. எந்தப் பாதி என்று நானே பிரிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். குடியிருக்கும் வீட்டுக்கு நாலாயிரம், நான்கு தவணை. மனை பிரித்து விற்பவர்களுக்குப் பன்னிரண்டாயிரம், ஒரு பைசா குறையாது. "எழுத்து என்னோடது. ஓட்டு நீங்கதான் பிடிக்கணும்" என்றார்.

திரும்பும்போது பெண் உறுப்பினர்கள் நாலு பேர் வீட்டுக்கும் போனேன். மூன்று வீட்டில் அவர்கள் வீட்டுக்காரர்கள்தான் வந்து உட்கார்ந்து பேசினார்கள். நான் சமையலறைக்குப் போய் அந்தப் பெண்களிடம் பேசினேன்.

மார்ச் 27, வியாழன்

இன்றைக்கு எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கூட்டம் பதினோரு மணிக்கு. நான் பெல் அடிக்கப் போகும் நேரத்தில் வெளியே சத்தம். சின்னராஜும் இன்னொருவரும் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை வேட்டி சட்டை, தோளில் துண்டு. வீட்டுக்குப் போய் அம்மிணியிடம், நான் அழைத்து வரச் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லா உறுப்பினர்களும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்து நின்றேன்.

நாற்காலியை என் பக்கத்தில் நிறுத்தினார்கள். செயல் அலுவலர் என் தீர்மானத்தைப் படித்து முடித்ததும் சின்னராஜ் எழுந்தார்.

"பத்து வருசம் இந்த ஊரை நடத்துனவரு இங்க உக்காந்திருக்காரு. அவரைக் கேக்காம முடிவெடுக்கறது மரியாதையில்லீங்க. அண்ணா, அக்கா கொண்டாந்த தீர்மானம் வேணுங்களா?"

"வேண்டாம்" என்றார் அவர்.

மன்றம் முழுக்கக் கேட்டது. எனக்குக் கை தூக்குவதாகச் சொன்னவர்கள் மேசையைப் பார்த்தார்கள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவர் பக்கம் திரும்பினேன்.

"மாமா, சக்தி கார்டனுக்குப் பழைய தொகைக்கே குடுத்தறலாங்களா?"

"வேண்டாம்."

சின்னராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சின்னராஜுக்கு ஒரு டீ குடுக்கலாங்களா?" என்றேன்.

"வேண்டாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு கேள்வியோடு நிறுத்தியிருக்கலாம். அது போதுமானதாக இருந்தது. மூன்றாவதை எதற்குக் கேட்டேன் என்று இப்போதும் புரியவில்லை.

அவர் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இடது கை வேட்டியைக் கசக்கிப் பிடித்திருந்தது.

உறுப்பினர் அல்லாதவர் சொன்னது பதிவாகாது என்று செயல் அலுவலர் சொன்னார். ஓட்டெடுப்பு நடந்தது. ஒருவர் வரவில்லை. ஆதரவு ஏழு, என்னையும் சேர்த்து. எதிர்ப்பு ஏழு. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்று செயல் அலுவலர் எழுந்து சொன்னார். எல்லோரும் பழக்கத்தில் சக்கர நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு வந்தேன். காரில் ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டார்.

மார்ச் 28, வெள்ளி

பிரஷர் 164/100. சாப்பாடு இல்லை. பேசிய சொல்: எதுவும் இல்லை. பாத்துக்கலாம் என்பதுகூட வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பால் மட்டும்.

ஏப்ரல் 2, புதன்

பிரஷர் 150/92. ரசம் சாதம் கொஞ்சம். பேச்சு இல்லை.

வாசலுக்கு யாரும் வருவதில்லை. காலை ஏழு மணிக்கே ஆள் நிறைந்துவிடும் வீடு. அவர் குளித்து, தலை சீவி, நாற்காலியைக் கேட்டைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார். மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் இப்போது ஆபீசுக்கு வருகிறார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காட்டுவளவில் முதல் இணைப்பு கொடுத்தார்கள். என்னை நிற்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். மாலை கனமாக இருந்தது. ராமாயி முதல் தவணை கட்டிய ரசீதைக் காட்டினாள்.

"மூவாயிரம்னுதான் சொன்னீங்க. இப்ப நாலாயிரம்" என்றாள்.

"நான் சொல்லலியே" என்றேன்.

"உங்க ஊட்டுல சொன்னதுதானுங்களே."

கோபமாகவும் சொல்லவில்லை, சிரித்தும் சொல்லவில்லை. எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தண்ணீர் முதலில் காற்றாக வந்தது, பிறகு செம்மண்ணாக. தெளிவாக வரும் வரை நிற்க எனக்கு நேரமில்லை, அவருக்கு மாத்திரை நேரம்.

சின்னராஜ் என் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வரக் கையெழுத்து வாங்குகிறாராம். வாங்கட்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை இரவு அவர் தூங்காமல் இருந்தார் என்பதும் நினைவுக்கு வருகிறது.

ஏப்ரல் 10, வியாழன்

பிரஷர் 142/88. தோசை இரண்டு.

காலையில் அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். பார்பர் வந்துகொண்டிருந்தார், போன வாரத்திலிருந்து இவர் வேண்டாம் என்று கையால் தள்ளிவிடுகிறார். கோணிய பக்கத்துக் கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் மழிக்க வேண்டும். முகம் என் கைக்குள் இருந்தது. அவ்வளவு பக்கத்தில் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

"மாமா, அன்னைக்குச் சபையில அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்த ஜனங்களுக்குக் குடுத்தறலாம்னு உங்களுக்கும் மனசு இருந்துச்சு. குடுக்கற அதிகாரமும் இருந்துச்சு. அப்புறம் எதுக்கு அவங்களை வாசல்லயே நிக்க வெச்சீங்க?"

பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. பிளேடைத் தண்ணீரில் அலசினேன். அவர் இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வாய் திறந்தது, மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. சோப்பு நுரை உதட்டில் பட்டது, துடைத்தேன்.

"ப" என்றார். பாத்துக்கலாம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ப... ய..."

காத்திருந்தேன்.

"பயம்."

யாருக்குப் பயம் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டேன். அப்போதா, இப்போதா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் "பயம், பயம்" என்றுதான் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தச் சொல் லேசாகிக்கொண்டே வந்தது. இதுவும் மற்ற இரண்டைப் போல ஒட்டிக்கொண்ட சொல்தானா, இல்லை உள்ளேயிருந்து அவர் எடுத்துக் கொடுத்ததா? டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டாலும் அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

"எனக்குந்தான்" என்றேன்.

மணிக்கட்டை விட்டார். மறு கன்னத்தில் சோப்பு காயத் தொடங்கியிருந்தது. முகத்தைத் தானாகவே என் பக்கம் திருப்பிக் கொடுத்தார். மெதுவாக, வெட்டுப் படாமல், மீதியையும் மழித்து முடித்தேன்.